சொந்த சர்வர், பிறர் கடிதங்கள்

லினக்ஸில் கைப்பழக்கம் உள்ளவருக்கு, ஒரு டெபியன் அல்லது உபுண்டு சர்வரில் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருளை நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். ரூபி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெடிஸ், என்ஜின்எக்ஸ், ஒரு பாதுகாப்புச் சான்றிதழ், மின்னஞ்சல் அனுப்ப ஒரு வழி. கட்டளைகளை வரிசையாகக் கொடுத்து முடித்தால், மற்ற மாஸ்டடான் சர்வர்களோடு பேசும் சொந்தச் சமூக வலைத்தளம் ஒன்று உலாவியில் திறந்துவிடும். யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட இந்தத் திறமூல மென்பொருள் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில் பலர் அப்போது மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். நம் பேச்சை நாமே வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஆசை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தெரிந்தவர்கள் நாலு பேர் கணக்குத் தொடங்கியதுமே, நிறுவியவர் அவர்களுடைய கடிதங்களுக்குக் காவல்காரர் ஆகிவிடுகிறார். நிறுவும் நாளில் யோசிக்காமல் எடுக்கும் சில முடிவுகளில்தான் அவர்களுடைய உரிமை நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

கடிதம் என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. மாஸ்டடானில் ஒருவர் இன்னொருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தி பூட்டிய பெட்டியில் போவதில்லை. எல்லோரும் படிக்கும் பதிவுகள் இருக்கிற அதே ‘ஸ்டேட்டசஸ்’ அட்டவணையில்தான் அதுவும் இருக்கிறது. பொதுப் பதிவென்றால் ‘விசிபிலிட்டி’ நெடுவரிசையில் 0, அந்தரங்கச் செய்தியென்றால் 3. வேறுபாடு அவ்வளவுதான். தரவுத்தளத்தை பேக்கப் எடுத்து, விரித்து, சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் திறந்தால், ஒருவர் தன் நோயைப் பற்றியோ வேலையிடத்துத் தொல்லையைப் பற்றியோ தோழிக்கு எழுதியது வாசிக்கும்படி அப்படியே கிடக்கும். அதை சர்வரை நடத்தும் அட்மின் படிக்கலாம். பேக்கப் கிடைத்த யாரும் படிக்கலாம். இதைப் பயனருக்கு முதல் நாளே, சேரும் பக்கத்திலேயே, தெளிவான தமிழில் சொல்லிவிட வேண்டும். தெரிந்துகொண்டபின் எழுதுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கட்டும். அது அவருடைய முதல் உரிமை.

2023 மே மாதத்தில் கொலெக்டிவா என்ற மாஸ்டடான் சர்வருக்கு நேர்ந்ததை நிறுவுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதன் அட்மின்களில் ஒருவரின் வீட்டை, சர்வரோடு தொடர்பே இல்லாத ஒரு விவகாரத்தில், அமெரிக்காவின் எஃப்பிஐ சோதனையிட்டது. அவர் அந்தச் சமயத்தில் ஏதோ கோளாறைச் சரிசெய்ய தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கணினியில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்த நகல் மறையாக்கம் செய்யப்படவில்லை. மின்னணுச் சாதனங்களோடு சேர்ந்து அதுவும் போயிற்று: மின்னஞ்சல் முகவரிகள், உருமாற்றிச் சேமித்த பாஸ்வேர்டுகள், அந்தரங்கச் செய்திகள் எல்லாம். சர்வரை யாரும் உடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தீயரணும் (ஃபயர்வால்) நீளமான பாஸ்வேர்டும் அங்கே பயன்படவில்லை, ஏனென்றால் ஆபத்து நகலில் இருந்தது. பேக்கப் கோப்பை எழுதும்போதே ஜிபிஜி போன்ற கருவியால் பூட்டுவது, மடிக்கணினியின் வட்டை முழுவதுமாக மறையாக்கம் செய்வது, சோதனை வேலைக்கு உண்மையான தரவைத் தொடாமல் இருப்பது, இந்த மூன்றுக்கும் பெரிய வித்தை தேவையில்லை.

‘ஐம்பது பேர் இருக்கிற சர்வரை எவன் தாக்கப்போகிறான்?’ என்று கேட்பவர்கள் உண்டு. தாக்குபவன் ஊர் பேர் பார்த்து வருவதில்லை. இணையம் முழுவதையும் நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. 2023 ஜூலையில், சூதாக உருவாக்கிய ஓர் ஊடகக் கோப்பை அனுப்பி சர்வரில் நினைத்த கோப்பை எழுதிவிடலாம் என்ற ஓட்டை மாஸ்டடானில் அடைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இன்னொன்று: வேறு சர்வரில் உள்ள எவருடைய கணக்கைப் போலவும் ஆள்மாறாட்டம் செய்ய இடம் கொடுத்த ஓட்டை. முதல் தேதி திருத்தம் வந்தது. அட்மின்கள் போட்டு முடிக்கட்டும் என்று நுணுக்க விவரங்களை 15-ஆம் தேதி வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரம் ஊரில் இல்லாத அட்மினின் பயனர்களுக்கு யார் பொறுப்பு? டாக்கரில் நிறுவுகிறவர்கள் விழும் குழி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யூஎஃப்டபிள்யூ தீயரணில் 22, 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை மூடிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். டாக்கரோ தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்கிறது. கம்போஸ் கோப்பில் 5432:5432 என்று வெறுமனே குறிப்பிட்டிருந்தால், தீயரணைத் தாண்டித் தரவுத்தளத்தின் கதவு உலகத்துக்கே திறந்திருக்கும். எண்ணுக்கு முன்னால் 127.0.0.1: சேர்த்தால் அடைபட்டுவிடும். வெளியே வேறொரு கணினியிலிருந்து, திறந்த போர்ட்டுகளைக் காட்டும் என்மேப் கருவியை ஓட்டிப் பார்த்தபின் நிம்மதியாகத் தூங்கலாம்.

‘காசு வாங்கவில்லையே, சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?’ என்ற கேள்வி இன்னும் வலுவானது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 2-ஆம் பிரிவு, பிறர் சார்பில் மின்னணுப் பதிவைப் பெறும், சேமிக்கும், அனுப்பும் எவரையும் இடைநிலையர் என்கிறது. கட்டணம் வாங்குகிறாரா என்று அது கேட்கவில்லை. பயனர் எழுதியதற்கு இடைநிலையரைப் பிடிக்காமல் காப்பது 79-ஆம் பிரிவு. அந்தக் காப்பு 2021-இன் இடைநிலையர் விதிகளைப் பின்பற்றுபவருக்குத்தான். குறைதீர் அலுவலர் பெயரை வெளியிட வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், சில வகைப் படங்களைச் சில மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். சர்வருக்குள் ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஒற்றை ஆளாக, பகுதிநேரமாகச் சர்வர் நடத்துபவருக்கு இது பெருஞ்சுமை என்பது உண்மைதான். விதிகளைச் சிறிய சர்வர்களுக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். அதுவரை, புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுவது சுமையைக் குறைக்கும் வழி. எத்தனை பேரைக் கவனிக்க முடியுமோ அத்தனை பேரைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவு தொல்லைக்குப் பெருநிறுவனமே மேல் என்று சொல்லலாமா? பிறர் பேச்சு அவர்கள் கையிலும்தான் இருக்கிறது. இங்கே பயனருக்கு இருக்கும் பெரிய பலம், பிடிக்காவிட்டால் தன்னைப் பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம் என்பதே. பழைய பதிவுகள் கூட வராது. அவற்றின் நகலை வாரத்துக்கு ஒருமுறை கேட்டு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பின்தொடர்பவர்களை மாற்ற, பழைய சர்வர் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் டொமைனும் நிலைத்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் க்வியர்.ஏஎஃப் என்ற சர்வரின் டொமைனை ஆப்கானிஸ்தானில் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. ‘ஏஎஃப்’ அந்த நாட்டுக்குரிய முடிவெழுத்து. மாஸ்டடானில் டொமைனை நிறுவும்போது ஒருமுறைதான் கொடுக்க முடியும், பின்னால் மாற்ற வழியில்லை. மலிவு, அழகு என்று பார்த்து எடுத்த ஒரு பெயர் இப்படி எல்லோருடைய முகவரியையும் ஒரே நாளில் அழித்துவிடும்.

தன் புகாரை அட்மின் கண்டுகொள்ளவில்லை, அல்லது அவர் சொன்ன முடிவு சரியில்லை என்றால், பயனர் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். குற்றம் நடந்திருந்தால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுக்கலாம். மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களிடம் தினசரி பேக்கப், அவசரத்துக்கு நுழைய இன்னொரு ஆள், மூடுவதற்கு மூன்று மாதம் முன்னால் அறிவிப்பு என்று உறுதி கேட்கிறது. பட்டியலில் இல்லாத சர்வரிலும் சேர்வதற்கு முன் இதையே கேட்டுப் பார்க்கலாம். மூடும் நாளில் இயந்திரத்தை வெறுமனே அணைத்துவிட்டால், அந்தப் பயனர்கள் எழுதியவை மற்ற சர்வர்களில் நகலாகத் தங்கிவிடும். அவற்றை அழிக்கச் சொல்லி எல்லாச் சர்வர்களுக்கும் தகவல் அனுப்ப மாஸ்டடானிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அந்தத் தகவல்கள் எல்லாம் போய்ச் சேரும்வரை, நாட்கள் ஆனாலும், வாடகை கட்டிச் சர்வரை ஓடவிட வேண்டும்.