கோப்பின் முகவரி வெறும் எழுத்து வரிசையல்ல

வீட்டுக் கணினியில் பல ஆண்டுப் படங்கள் ஒரே கோப்புறையில் குவிந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்க, பைத்தான் மொழியில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். உங்களுடையது விண்டோஸ் மடிக்கணினி. எனவே, படங்கள் போய்ச் சேரவேண்டிய இடத்தை "படங்கள்\2024\பொங்கல்" என்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதுகிறீர்கள்.

நிரலை இயக்கினால், அப்படியொரு கோப்புறையே இல்லை என்கிறது கணினி. கண்ணெதிரே இருக்கிறதே என்று நீங்கள் குழம்புகிறீர்கள். நடந்தது இதுதான். பைத்தானில் மேற்கோள் குறிகளுக்குள் வரும் பின்சாய்கோட்டுக்குத் தனிப்பொருள் உண்டு. அதை அடுத்து 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் வந்தால், மூன்று இலக்கங்கள் வரை சேர்த்து ஒரே எழுத்தின் குறியீடாக அது எடுத்துக்கொள்ளும். ஆக, ‘\202’ என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சியது ‘4’ மட்டும்.

யாரோ சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டிரண்டாக எழுதிச் சரிசெய்கிறீர்கள். நிரல் ஓடுகிறது. மகிழ்ச்சியோடு அதே நிரலை அக்காவின் மேக் கணினிக்கு அனுப்புகிறீர்கள். அங்கே பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் படங்கள் எந்தக் கோப்புறைக்குள்ளும் போகவில்லை. ‘படங்கள்\2024\பொங்கல்\...’ என்று நீண்ட பெயர்களோடு, நிரல் இயங்கிய இடத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. மேக்கிலும் லினக்சிலும் பின்சாய்கோடு கோப்புப் பெயரில் இருக்கக்கூடிய ஒரு சாதாரண எழுத்து. அது கோப்புறையைப் பிரிக்கும் குறியென்று அந்தக் கணினிக்குத் தெரியாது.

இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. ஒரு கோப்பின் பாதையை நாம் வெறும் எழுத்து வரிசையாக எண்ணிவிட்டோம். உண்மையில் அது ஒரு முகவரி.

சாய்கோடு ஏன் மாறிப்போனது?

கோப்புறைக்குள் கோப்புறை என்ற அமைப்பை 1960களில் பரவலாக அறியச் செய்தது மல்டிக்ஸ் இயங்குதளம். அதில் பிரிக்கும் குறி ‘>’. அதன்பின் பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய யூனிக்ஸ், ‘/’ எனும் முன்சாய்கோட்டைத் தேர்ந்தெடுத்தது. லினக்சும் இன்றைய மேக்கும் அந்த வழி வந்தவை. பழைய மேக் கணினிகளோ முக்காற்புள்ளியைப் பயன்படுத்தின.

மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்-டாஸ் 1981ஆம் ஆண்டு வெளிவந்தபோது அதில் கோப்புறைகளே இல்லை. கட்டளைகளோடு கூடுதல் விருப்பங்களைக் குறிப்பிட ‘/’ பயன்பட்டது. 1983ஆம் ஆண்டு 2.0 பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, ‘/’ ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. ஆகவே ‘\’ எடுத்துக்கொள்ளப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த முடிவின் விளைவைத்தான் உங்கள் படங்கள் இன்று அனுபவிக்கின்றன.

‘விண்டோசும் பெரும்பாலான இடங்களில் முன்சாய்கோட்டை ஏற்கிறதே, எப்போதும் அதையே எழுதினால் போயிற்று’ என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆனால் விண்டோஸ் உங்களுக்குத் திருப்பித் தரும் பாதைகளில் பின்சாய்கோடுதான் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினாலும், எழுத்தாக ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்றே விடை வரும்.

முகவரிக்கு உறுப்புகள் உண்டு

வீவக வீட்டின் முகவரியை எண்ணிப் பாருங்கள். தெரு, புளோக் எண், மாடி, வீட்டு எண் என்று அதற்கு வரிசையான உறுப்புகள் இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டோடு முழுமையாக எழுதினால், தீவின் எந்த மூலையிலிருந்தும் வந்து சேரலாம். ‘எட்டாவது மாடி, 112ஆம் எண்’ என்று மட்டும் சொன்னால், எந்த புளோக்கின் கீழே நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வீடு மாறும்.

கணினியிலும் அப்படியே. வேர்க் கோப்புறையிலிருந்து தொடங்குவது முழுப்பாதை. நிரல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது சார்புப்பாதை. ‘என் கணினியில் ஓடியது, உன் கணினியில் ஓடவில்லையே’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வேறுபாடு ஒளிந்திருக்கும்.

உறுப்புகளை மறந்து, எழுத்துகளை வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு சம்பவம் உண்டு. ‘ஸ்டீம்’ எனும் கணினி விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்போடு ஒரு சிறு கட்டளை நிரல் வந்தது. அது பைத்தானில் எழுதப்பட்டதன்று. செயலியின் கோப்புறைப் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதன் பின்னே ‘/*’ ஒட்டி, அங்குள்ள அனைத்தையும் அழிக்கும்படி அதில் ஒரு வரி இருந்தது. ஒரு பயனர் அந்தக் கோப்புறையை இடம் மாற்றியிருந்தார். மாறி காலியானது. காலியான சொல்லோடு ‘/*’ ஒட்டினால் மிஞ்சுவது ‘/*’ மட்டுமே. அதாவது, வேரிலிருந்து எல்லாம்! அவருடைய கோப்புகளோடு, கணினியில் இணைத்து வைத்திருந்த வெளி வட்டின் காப்புநகலும் அழிந்தது. நிரலை எழுதியவர் அந்த வரிக்கு மேலே ‘பயமாக இருக்கிறது’ என்று பொருள்படும் குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தார் என்பதுதான் வேதனை.

பைத்தானின் விடை

பாதைகளுக்கென்றே தனி வகை வேண்டும் என்ற முன்மொழிவு பைத்தான் சமூகத்தில் 2006ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அதில் பாதை என்பது எழுத்துச் சரத்தின் ஒரு கிளையாக இருந்தது. அம்முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. பின்னர் அன்ட்வான் பித்ரூ என்ற நிரலாளர் வேறொரு வடிவத்தை முன்வைத்தார். 2014ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 3.4 பதிப்பில் அது ‘பாத்லிப்’ என்ற பெயரில் மொழியின் அடிப்படை நூலகத்தில் சேர்ந்தது. பைத்தானை நிறுவினாலே அதுவும் கூடவே வரும். தனியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை.

இந்த வடிவத்தில் பாதை எழுத்துச் சரமே அல்ல. இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. சரத்தோடு செய்யக்கூடியவற்றில் பெரும்பாலானவை பாதைக்குப் பொருந்தா. ஒரு முகவரியின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்குவதில் என்ன பொருள்? இரண்டு முகவரிகளை இடைவெளியின்றி ஒட்டினால் மூன்றாவது முகவரி கிடைக்குமா?

மாறாக, பாதையை உறுப்புகளாலேயே கட்டலாம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம் என்பதால், கீழுள்ளது மெய்யான நிரல் வரி:

வீடு / "படங்கள்" / "2024" / "பொங்கல்"

‘வீடு’ என்ற மாறியில் ஒரு பாதை இருக்கிறது. வகுத்தல் குறி இங்கே வகுப்பதில்லை. ‘இதற்குள் இது’ என்று பொருள் தருகிறது. இதே வரி விண்டோசில் பின்சாய்கோட்டையும் மற்றவற்றில் முன்சாய்கோட்டையும் தானே இட்டுக்கொள்ளும். அக்காவின் மேக்கில் படங்கள் உரிய கோப்புறைக்குப் போகும்.

கட்டிய பாதையிடம் கேள்வியும் கேட்கலாம். ‘பேரன்ட்’ என்றால் அதைத் தாங்கும் கோப்புறை கிடைக்கும். ‘நேம்’ என்றால் கோப்பின் பெயர். ‘ஸ்டெம்’ என்றால் பின்னொட்டு நீங்கிய பெயர். ‘சஃபிக்ஸ்’ என்றால் பின்னொட்டு மட்டும். கடைசிப் புள்ளி எங்கே, கடைசிச் சாய்கோடு எங்கே என்று எழுத்தெழுத்தாக எண்ணத் தேவையில்லை. விண்டோஸ் பாதைகளை ஒப்பிடும்போது சாய்கோட்டு வேறுபாட்டையும், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் அதுவே பொருட்படுத்தாமல் விடும்.

காலியான பெயர் வந்தால்? பாத்லிப்பில் காலியான பாதைக்கு ‘நிரல் இப்போது நிற்கும் இடம்’ என்று பொருள். அது ஒருபோதும் வேராகாது. நிற்கும் இடத்தில் இருப்பதை அழிப்பதும் இழப்புதான், ஆனால் கணினி முழுவதையும் இழப்பதில்லை.

தொடக்கத்தில் இதற்கு வரவேற்பு குறைவு. காரணம், கோப்பைத் திறக்கும் பைத்தானின் சொந்தக் கட்டளையே இந்தப் புதிய வகையை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு இறுதியில் வந்த 3.6 பதிப்பு அக்குறையைத் தீர்த்தது.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு சொல்

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, நீளம். லினக்சில் பரவலாக உள்ள கோப்பு அமைப்புகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். புள்ளியும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். எனவே மொத்தம் 85 குறியீடுகளே அடங்கும். ‘பொங்கல்’ என்ற நான்கெழுத்துச் சொல்லே ஏழு குறியீடுகள், 21 பைட்டுகள்.

இரண்டாவது, இன்னும் நுட்பமானது. ‘பொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். மேக்கின் முந்தைய கோப்பு அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அங்கிருந்து வந்த ‘பொங்கல்’ எட்டுக் குறியீடுகளாகிவிடும். லினக்சுக்கு இவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒரே கோப்புறையில் இரண்டு ‘பொங்கல்’ அருகருகே இருக்கும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். இதைப் பாத்லிப் சரிசெய்வதில்லை. அடிப்படை நூலகத்திலேயே உள்ள ‘யூனிகோட்டேட்டா’ என்ற வேறொரு பகுதியைக் கொண்டு, பெயர்களை ஒரே வடிவுக்கு நாம்தான் கொண்டுவர வேண்டும்.

அந்நியர் தரும் முகவரி

கருவி நல்லதாக இருந்தாலும் விழிப்பு வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாதையின் ஒரு பகுதியை வேறொருவர் தரும்போதுதான் அது வரும்.

பாதையில் இரண்டு புள்ளிகள் ‘..’ வந்தால், ‘ஒரு படி மேலே போ’ என்று பொருள். ‘பதிவேற்றம்’ என்ற கோப்புறைக்குள் மட்டும் கோப்புகளை வைக்க நீங்கள் நினைத்திருக்க, ஒருவர் ‘../../கணக்கு’ என்று பெயர் அனுப்பினால், அது வேலி தாண்டி வெளியே போய்விடும். அனுப்பிய பெயர் சாய்கோட்டில் தொடங்கினால் இன்னும் மோசம். அது முழுப்பாதை என்பதால், இடப்பக்கம் நீங்கள் எழுதிய அனைத்தையும் பாத்லிப் கைவிட்டுவிடும். பாதி வழி சொல்லிக்கொண்டிருக்கையில் ஒருவர் வேறு அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், டாக்சி ஓட்டுநர் அங்கே திரும்பிவிடுவதைப் போல!

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. ‘டார்’ வகைத் தொகுப்புக் கோப்புகளைப் பிரிக்கும் பைத்தானின் அடிப்படை நூலகப் பகுதியில் இதே ஓட்டை இருப்பது 2007ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. அப்போது ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை சேர்க்கப்பட்டதோடு விஷயம் அடங்கியது. 2022ஆம் ஆண்டு, ஏறத்தாழ 350,000 திறந்தமூலத் திட்டங்களில் இந்த ஆபத்து இருக்கக்கூடும் என ஒரு பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டபின் கவனம் திரும்பியது. 2023ஆம் ஆண்டின் 3.12 பதிப்பில் வடிகட்டும் வசதி வந்தது. 2025ஆம் ஆண்டின் 3.14 பதிப்பில்தான் அது தானாகவே இயங்கும் ஏற்பாடானது. எச்சரிக்கைக்கும் தீர்வுக்கும் இடையே 18 ஆண்டுகள்.

நீங்கள் செய்யக்கூடியது

புதிதாக நிரல் எழுதப் பழகுபவர்கள், நான்கு பழக்கங்களை இப்போதே கைக்கொள்ளலாம்.

பாதைகளைக் கூட்டல் குறியால் ஒட்டாதீர்கள். பாத்லிப்பைக் கொண்டு கட்டுங்கள்.

உங்கள் கணினிக்கு மட்டுமே பொருந்தும் முழுப்பாதையை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். நிரல் இருக்கும் இடத்தையோ பயனரின் வீட்டுக் கோப்புறையையோ கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டையும் பாத்லிப் சொல்லும்.

பிறர் தந்த பெயரைப் பாதையில் சேர்த்தால், முதலில் ‘ரிசால்வ்’ மூலம் அதை உண்மையான முழுப்பாதையாக மாற்றுங்கள். பிறகு அது நீங்கள் அனுமதித்த கோப்புறைக்குள் அடங்குகிறதா என்று சோதியுங்கள். அதற்கான வசதி 2020ஆம் ஆண்டின் 3.9 பதிப்பு முதல் இருக்கிறது.

எதையும் நகர்த்துவதற்கோ அழிப்பதற்கோ முன், அந்தப் பாதையைத் திரையில் அச்சிட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள். கூடுதலாக ஒரே ஒரு வரிதான். உங்கள் நிரல் தொடப்போவது தாத்தாவின் ஒரே படமாகவும் இருக்கலாம். அதற்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம்.