காணாமற்போனோர் அறிவிப்பு

குழந்தை ஒன்று காணாமற்போனால் ஊருக்கெல்லாம் பறையறைந்து சொல்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். அந்தப் பறையின் இடத்தை இன்று வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பெற்றுள்ளன. ஆயினும் யாருக்காக அறைவது, எத்தனை முறை அறைவது என்ற கேள்விகள் தீர்ந்தபாடில்லை. இவற்றை அமெரிக்க நாடு எவ்வாறு எதிர்கொண்டு வருகிறது என்பதைக் காண்போம்.

1982-லும் 1984-லும் அந்நாட்டின் அயோவா மாநிலத்தில், வீடுதோறும் செய்தித்தாள் போடும் சிறுவர் இருவர் அடுத்தடுத்துக் காணாமற்போயினர். அங்கிருந்த பால் நிறுவனம் ஒன்று பால் அட்டைப்பெட்டிகளில் அவர்களுடைய படங்களை அச்சிட்டது. விரைவில் இவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று. காலை உணவு வேளையில் ஒவ்வொரு வீட்டு மேசையிலும் ஒரு தொலைந்த முகம்! பார்த்தவர் உள்ளம் உருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் படம் கிடைத்து, அச்சேறி, கடைக்கு வந்து சேர்வதற்குள் நாட்கள் பல ஓடிவிடும். அச்சிறுவர் இருவரும் கிடைக்கவேயில்லை.

நாட்களைப் பற்றி ஏன் பேசுகிறோம்? மணிகளே இங்குக் கணக்கு. கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் திரட்டி ஆராய்ந்தது. கொல்லப்பட்டவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் உயிரிழந்திருந்தனர். இத்தகைய கொலைகள் மிக அரியவை. எனினும் நிகழும்போது பால் பெட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை.

1996 சனவரி 13. டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில் ஆம்பர் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் அவளைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டான். அக்கம்பக்கத்தவர் ஒருவர் அதைக் கண்ணால் கண்டு காவல்துறைக்குச் சொன்னார். வண்டி எப்படிப்பட்டது என்று தெரியும். ஆனால் சாலையில் சென்றோருக்கு அதை உடனே தெரிவிக்க வழியில்லை. நான்கு நாட்களுக்குப் பின் ஓர் ஓடையில் அவள் உடல் கிடைத்தது. கொலையாளி யாரென்று கண்டறியப்படவில்லை.

புயல் வருகிறதென்றால் நிகழ்ச்சியை நிறுத்தி எச்சரிக்கும் வானொலி, ஒரு குழந்தைக்காக அவ்வாறு செய்யக்கூடாதா? இக்கருத்தை டல்லாஸ் நகர வானொலி நிலையம் ஒன்றுக்குச் சொன்னவர் அறிஞருமல்லர், அதிகாரியுமல்லர், நேயர் ஒருவர். அப்பகுதி வானொலி நிலையங்களும் காவல்துறையும் கைகோத்தன. அச்சிறுமியின் பெயரே திட்டத்துக்கும் அமைந்தது. 2003-இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. 2005-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஆம்பர் அறிவிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது.

காணாமற்போன எல்லாக் குழந்தைகளுக்கும் இவ்வறிவிப்பு விடப்படும் என்று எண்ணிவிடக்கூடாது. வயது பதினேழுக்கு மேற்படலாகாது. கடத்தல்தான் என்று காவல்துறை நம்புவதற்குக் காரணம் வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ பேராபத்து இருக்க வேண்டும். குழந்தை, கடத்தியவன், வண்டி ஆகியவை பற்றிப் பொதுமக்கள் இனங்காணத்தக்க விவரமும் வேண்டும். ஏனிந்தக் கெடுபிடி? நாள்தோறும் பத்து முறை மணி அடித்தால் பதினோராவது முறை யார் திரும்பிப் பார்ப்பார்?

காரணம் நியாயமானதே. ஆயினும் கோடு கிழித்தவுடன் கோட்டுக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிகின்றனர். 2017-இல் வர்ஜீனியாவில் அஷாந்தி என்னும் பத்தொன்பது வயதுப் பெண் கடத்தப்பட்டாள். ஆம்பர் அறிவிப்புக்கு அவள் வயது மிகுதி. நினைவு தடுமாறி வழிதவறும் முதியோருக்கென்று பல மாநிலங்களில் உள்ள வெள்ளி அறிவிப்புக்கோ வயது போதாது! வட கரோலினா மாநிலத்தில் அவள் பிணமாகக் கிடைத்தாள். அடுத்த ஆண்டு அவள் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 18 முதல் 64 வயது வரையுள்ளோருக்கு வழி பிறந்தது.

வயது மட்டுமே வேலியன்று. பதினைந்து வயதுப் பெண்ணைக் காணோம் என்று தாய் வந்து நின்றால், ‘ஓடிப்போனவள்’ என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதும். கடத்தல் என்ற விதி நிறைவேறாது, அறிவிப்பும் கிடையாது. கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் நெடுநாளாகச் சொல்லிவந்த முறையீடு இது. விதிகளைக் காட்டிலும் அந்த ஒற்றைச் சொல்லே கொடியது என்பது என் கருத்து. 2022-இல் வாஷிங்டன் மாநிலம் பழங்குடியினருக்கெனத் தனி அறிவிப்பைச் சட்டமாக்கிற்று. கலிபோர்னியா 2023-இல் பழங்குடியினருக்கு இறகு அறிவிப்பையும், 2024-இல் கறுப்பின இளையோருக்குக் கருங்காலி அறிவிப்பையும் தொடங்கியது.

இதற்கிடையில் 2013 முதல் ஆம்பர் அறிவிப்பு கைப்பேசிகளில் நேரே ஒலிக்கலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவில் கலிபோர்னியா எங்கும் கைப்பேசிகள் அலறின. கடத்தப்பட்டவள் பதினாறு வயதுப் பெண். ஐடஹோ மாநிலக் காட்டில் குதிரையேறிச் சென்ற சிலர் அவளையும் கடத்தியவனையும் எதிர்ப்பட்டுப் பேசியுமிருந்தனர். வீடு திரும்பிச் செய்தியில் படத்தைப் பார்த்த பின்னரே இன்னாரென்று உணர்ந்து தகவல் தந்தனர். அவள் மீட்கப்பட்டாள். இவ்வாறு மீட்கப்பட்டவருள் பெரும்பாலோர் தாய் அல்லது தந்தையால் கொண்டுசெல்லப்பட்டவர்களே என்றும், முதல் மூன்று மணி நேரத்தில் கொலையாளியிடமிருந்து காத்ததாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே என்றும் நெவாடா பல்கலைக்கழகக் குற்றவியல் அறிஞர் திமோதி கிரிஃபின் வாதிட்டுள்ளார். பெற்றவர் கையிலும் ஆபத்து இருக்கலாம் என்பதற்குக் கனடா நாட்டு நிகழ்ச்சி சான்று.

2002-இல் ஆம்பர் முறையை மேற்கொள்ளத் தொடங்கிய அந்நாட்டில், 2019 பிப்ரவரி 14 அன்று ஒண்டாரியோ மாகாணத்தில் பதினொரு வயதுச் சிறுமிக்காக இரவு பதினொரு மணிக்கு மேல் அறிவிப்பு ஒலித்தது. அவளை அழைத்துச் சென்றவன் தந்தை. அறிவிப்பைக் கண்டவர் தந்த தகவலால் அவன் வண்டி நெடுஞ்சாலையில் பிடிபட்டது. சிறுமி அதற்கு முன்பே இறந்திருந்தாள். அதே இரவில் காவல்துறையின் அவசர எண்ணுக்கு வேறு சிலரும் அழைத்தனர். தங்கள் உறக்கம் கெட்டதென்று முறையிட! கனடாவில் இவ்வொலியை நிறுத்திவைக்க முடியாது. அமெரிக்கக் கைப்பேசிகளில் ஆம்பர் அறிவிப்பு வேண்டாமென்று அடைத்துவைக்க வசதியுண்டு. எரிச்சலுற்றவர் பலர் அவ்வாறே செய்திருக்கின்றனர்.