சினைப்பை நீர்க்கட்டி நோயும் வைட்டமின் டி குறைபாடும்

ஒரே அறிக்கையில் இரண்டு குறைகள்

மாதவிடாய் தள்ளிப்போவதற்காகச் சோதனைக்கு அனுப்பப்படும் இளம்பெண்களின் இரத்த அறிக்கையில், ஆன்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களின் மிகுதியோடு வைட்டமின் டி குறைவும் சேர்ந்து பதிவாவது மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி காண்பதாகும். 2003ஆம் ஆண்டின் ராட்டர்டாம் வரையறைப்படி, சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை, ஆன்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை முழுக்கச் சிறு நீர்ப்பைகள் தென்படுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்து, தைராய்டு கோளாறு போன்ற பிற காரணங்கள் இல்லையென உறுதியானால், அது சினைப்பை நீர்க்கட்டி நோய், அதாவது பி.சி.ஓ.எஸ். எனப்படுகிறது. ஸ்கேனில் தெரியும் அப்பைகள் வளர்ச்சி பாதியில் நின்ற சினைமுட்டைப் பைகளே என்பதால், அவற்றை அறுவை செய்து அகற்ற வேண்டுமோ என்று அஞ்சத் தேவையில்லை.

சினைப்பையில் வைட்டமின் டியின் பங்கு

வெயிலின் புற ஊதா பி கதிர் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து ஹார்மோனைப் போலவே செயல்படுகிறது. அதனை ஏற்கும் புரதங்கள் எலும்பில் மட்டுமன்றி, சினைமுட்டையைச் சூழ்ந்துள்ள செல்களிலும் இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களிலும் உள்ளன. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் பலரிடம் செல்கள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. இதை ஈடுகட்டக் கணையம் மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையை ஆன்ட்ரோஜன் உற்பத்திக்குத் தூண்டுவதோடு, அந்த ஹார்மோனைப் பற்றிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைத்துவிடுவதால், முகத்தில் ரோம வளர்ச்சியும் பருக்களும் கூடுகின்றன. வைட்டமின் டி குறைந்தால் இச்சுழல் மேலும் மோசமாகக்கூடும் என்ற கருதுகோள் இங்கிருந்துதான் எழுந்தது.

எது காரணம், எது விளைவு

கருதுகோள் கவர்ச்சியானதே, எனினும், இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்றாகிவிடாது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. ஆகவே பருமனான உடலில் அது கொழுப்புத் திசுவில் தங்கிவிட, இரத்தத்தில் அளவு தாழ்கிறது. மரபணு அடிப்படையிலான ஆய்வுகளும், உடல் எடை கூடினால் வைட்டமின் டி குறைகிறது என்பதற்கு ஆதரவளித்தனவே தவிர, வைட்டமின் டி குறைவதால் எடை கூடுகிறது என்பதற்கு அன்று. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் பலர் எடை மிகுந்தவர்கள் என்பதால், குறைபாட்டில் ஒரு பகுதி நோயால் அன்றி எடையால் வருவதாகலாம். போதாக்குறைக்கு, இந்தியாவில் நோயற்ற பெண்களிடமும் இக்குறைபாடு பரவலாக உள்ளது.

மாத்திரையால் என்ன கிடைக்கும்

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில மாதங்களே நீடித்தவை. இன்சுலின் எதிர்ப்பிலும் டெஸ்டோஸ்டிரோன் அளவிலும் சிறு முன்னேற்றம் சிலவற்றில் தெரிந்தது. வேறு சிலவற்றில் அதுவும் தெரியவில்லை. ஆகவே குறைபாடு உறுதியானால் எலும்பு, தசை நலனுக்காக அதைச் சரிசெய்வது முறை. மாதவிடாயைச் சீராக்கும் மருந்தாக அதை நம்புவது முறையன்று. உணவு, உடற்பயிற்சி, தேவைப்படுமிடத்து ஹார்மோன் மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றின் இடத்தை அது நிரப்பாது.

வெயிலும் உணவும்

காலை ஏழு மணி இளவெயில் வைட்டமின் டி தரும் என்பது பரவலான நம்பிக்கை. சூரியன் தாழ்ந்திருக்கையில் புற ஊதா பி கதிர் பெரும்பாலும் வளிமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுவதால், நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் பத்து முதல் மூன்று மணி வரையிலான வேளையே பயன் தரும். மாநிறத்தாருக்கும் கறுத்த நிறத்தாருக்கும் சற்றுக் கூடுதல் நேரம் தேவை, ஆனால் தோல் கன்றும்வரை நிற்கக்கூடாது. கண்ணாடிச் சன்னலுக்கு உட்புறம் விழும் வெயில் இதற்கு உதவாது. உணவில் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டையின் மஞ்சள் கருவும் ஓரளவு தருகின்றன; சைவ உணவில் செறிவூட்டிய பாலைத் தவிர வழிகள் குறைவு.

60,000 அலகு மருந்து

இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருப்பதைப் பொதுவாகக் குறைபாடு என்பர். அதற்கு வாரம் ஒருமுறை 60,000 அலகு வீதம் சுமார் எட்டு வாரங்களுக்கு மருந்து எழுதித் தருவது இந்தியாவில் வழக்கம். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதையே வாங்கி உண்பதும், வாரம் ஒருமுறைக்கானதை நாள்தோறும் உண்பதும் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, வாந்தி, மிகுந்த தாகம், சிறுநீரகக் கல், சில வேளைகளில் சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டு செல்லக்கூடும். சிறுநீரகக் கல் ஏற்கெனவே வந்தவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மருந்தின் அளவையும், மறுபரிசோதனை தேவையா என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.