நடுக்கடலில் 'டேப்' அணைந்தால் எல்லை தெரியாது: சார்ஜ் நிற்க என்ன செய்யணும்?

காரைக்கால்:

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் கடலுக்கு போறவங்க கையில் இப்போது செல்போனோடு 'டேப்'பும் இருக்கிறது. மீன் இருக்கிற இடம், காற்று, அலை, இலங்கை எல்லை எல்லாம் அதில் பார்க்கலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'மீனவர் நண்பன்' செயலி, எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும்.

ஆனால் கரையில் முழு சார்ஜ் போட்ட டேப், கடலில் பாதி ராத்திரியிலேயே படுத்து விடுகிறது. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரி 28-ந்தேதி நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு மீது இலங்கை கடற்படை சுட்டதில் மீனவர்கள் காயம் அடைந்தார்கள். படகில் இருந்த 13 பேரும் பிடிபட்டார்கள்.

சார்ஜ் எங்கே போகிறது? விவரம் வருமாறு:-

முதல் திருடன் திரை. டேப் திரை பெரிசு, அதனால் செலவும் பெரிசு. செட்டிங்சில் 'டிஸ்ப்ளே' போய் 'ஸ்கிரீன் டைம்அவுட்' என்பதை தொடுங்கள். 30 நிமிடம் என்று இருந்தால், ஒரு தடவை தொட்டு விட்டு வலை இழுக்க போனாலும் அரை மணி நேரம் சும்மா எரியும். அதை 30 வினாடி அல்லது 1 நிமிடம் ஆக்குங்கள். வெளிச்சத்தையும் ராத்திரியில் அடியோடு குறைத்து விடலாம், கண்ணும் கூசாது. கறுப்பு திரை ('டார்க் மோடு') வைத்தால் சார்ஜ் மிஞ்சும் என்பது அமோலெட் திரைக்குத்தான். விலை குறைந்த டேப்பில் பெரும்பாலும் எல்.சி.டி. திரை. அதில் பலன் இல்லை.

இரண்டாவது திருடன் சிக்னல். கரையை விட்டு தள்ளிப்போனதும் டவர் கிடைக்காது. சிம் போட்ட டேப் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். 'பிளைட் மோடு' போட்டால் தேடுவது நிற்கும். ஜி.பி.எஸ். செயற்கைகோளில் இருந்து வாங்கிக்கொள்வது மட்டும்தான், எதையும் அனுப்புவது இல்லை. அதனால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் பிளைட் மோடிலும் வேலை செய்யும். 'லொகேஷன்' மட்டும் ஆன் செய்து இருக்க வேண்டும். வைபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ்.சே கிடையாது. அதை நம்பி கடலுக்கு போகாதீங்க. கரையை நெருங்கியதும் பிளைட் மோடை எடுத்து விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருந்து கூப்பிட்டாலும் கிடைக்காது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சார்ஜ் மிச்சம் ஆகட்டும் என்று 'பேட்டரி சேவர்' போடுகிறார்கள். பல கருவிகளில் அதை போட்டால், திரை அணைந்ததும் லொகேஷனும் நின்று விடும். எல்லை தாண்டினாலும் சத்தம் வராது! எனவே எல்லை செயலி ஓடும்போது பேட்டரி சேவர் வேண்டாம். அந்த செயலிக்கு லொகேஷன் அனுமதியை 'எப்போதும்' என்றும், பேட்டரி பகுதியில் 'கட்டுப்பாடு இல்லை' என்றும் வையுங்கள்.

பிறகு கரையிலேயே சோதியுங்கள். திரையை அணைத்து சட்டைப்பையிலோ பையிலோ போட்டு அரை மணி நேரம் நடந்து வாருங்கள். போன வழி பதிவாகி இருந்தால் சரி. பதிவாகாவிட்டால், கடலில் திரையை அணைய விடாமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்து வைப்பதே நல்லது.

பவர் பேங்க் எடுத்து போறவங்க கவனிக்கணும். மேலே 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது போகிற நஷ்டம் வேறு. கைக்கு வருவது சுமார் 6 ஆயிரம்தான். பெரிய டேப்பை ஒரு தடவை முழுசாக ஏற்றவே பற்றாது.

வெயில் படும் தளத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி கெட்டு விடும். சார்ஜ் துவாரத்தில் உப்புத்தண்ணி பட்டிருந்தால் நன்றாக காயும் வரை வயரை சொருகவே கூடாது. டேப் எப்படி இருந்தாலும் படகில் வி.எச்.எப். வயர்லெஸ் இருக்கட்டும். ஆபத்து என்றால் 16-வது சேனல். போன் சிக்னல் கிடைத்தால் கடலோர காவல்படையின் 1554.