ஆங்கிலத்தில் 'ங்க' போடுவது எப்படி?

கேம்பஸ் இன்டர்வியூ. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' கேள்விக்கு ஒரு வாரமாக உருப்போட்ட பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. உள்ளே போனதும் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே வேறொன்றைக் கேட்கிறார்: 'டிட் யூ ஹேவ் எனி ட்ரபிள் ஃபைண்டிங் திஸ் ப்ளேஸ்?' இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டீர்களா என்கிறார், அவ்வளவுதான். 'நோ சார்' என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராமல் உட்கார்ந்திருந்தால், அந்த மௌனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்க ஆரம்பிக்கும்.

பள்ளியில் 12 வருடம், கல்லூரியில் இன்னும் சில வருடம் ஆங்கிலம் படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 'அதெல்லாம் கஷ்டம் இல்லை, பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆட்டோக்காரர் வழி சொன்னார்' என்று சாதாரணமாகச் சொல்லத்தான் வராது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால், இந்த ஒரு நிமிடத் தடுமாற்றத்தில் வேலையே கைநழுவிப் போகலாம். வீட்டுக்கு வந்து 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் இங்கே குறைவது ஆங்கிலம் அல்ல, பேச்சுக்கு வேண்டிய ஆங்கிலம்.

850 வார்த்தை போதுமா?

பேசுவதற்கு எத்தனை வார்த்தை வேண்டும்? இந்தக் கேள்விக்கு வயது நூறை நெருங்குகிறது. சி.கே.ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு பட்டியல் போட்டார். மொத்தம் 850 சொற்கள். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், டேக், புட் போன்றவைதான். பிறகு மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-ல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். இவர் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் பார்த்தவர்.

'அப்போ 2,000 வார்த்தையை மனப்பாடம் செய்தால் போதும்' என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். பட்டியலில் இருக்கும் சின்ன வார்த்தைகள்தான் ரொம்பவும் ஏமாற்றுபவை. 'புட்' என்றால் வை என்று எல்லோருக்கும் தெரியும். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப்போவது. 'பிரிங் அப்' என்றால் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச்செடுப்பது. 'கட் இன்' என்றால் ஒருவர் பேசும்போது குறுக்கே புகுவது. 'கேட்ச் அப்' என்றால் ரொம்ப நாள் கழித்துச் சந்திப்பவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசுவது. தேர்வு வினாத்தாளில் இவை அதிகம் வருவதில்லை. ஆபீஸ் கேன்டீனில் நிமிடத்துக்கு ஒன்று வரும்.

பேச்சைக் குறிக்கும் சொற்களிலேயே ஒரு குழப்பம் உண்டு. சே, டெல், டாக், ஸ்பீக் நான்கையும் சொல், பேசு என்ற இரண்டுக்குள் அடக்கிவிடுகிறோம். 'ஹி டோல்ட் தட்...' என்று ஆரம்பிப்பது இதனால்தான். 'டெல்' வந்தால் யாரிடம் சொன்னார் என்பதும் கூடவே வர வேண்டும்: 'ஹி டோல்ட் மீ'. ஆள் இல்லையென்றால் 'ஹி செட்'. 'டிஸ்கஸ் அபவுட்' என்று நம்மவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் இருக்கும் 'பற்றி'யை விட மனசு வருவதில்லை. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது.

இதெல்லாம் இலக்கணப் பிழைதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபம் வருகிற இடம் வேறு.

முகத்தில் அடித்த மாதிரி...

ஒரு கடையில் தமிழில் 'என்ன வேணும்ங்க?' என்று கேட்டால் அது உபசரிப்பு. அதையே ஆங்கிலத்தில் 'வாட் டு யூ வான்ட்?' என்று கேட்டால், 'உனக்கு என்னய்யா வேணும்?' என்பது போல ஒலிக்கும். போனில் 'சொல்லுங்க' என்பது எவ்வளவு மரியாதை! 'டெல் மீ' என்றால் எதிர்முனையில் இருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு நொடி திகைப்பார். 'அந்த ஃபைலை அனுப்புங்க' என்பது 'சென்ட் தட் ஃபைல்' ஆகும்போது உத்தரவாகிவிடுகிறது. 'வேண்டாங்க' என்பது 'ஐ டோன்ட் வான்ட்' ஆகும்போது வெடுக்கென்று தட்டிவிட்டது போல இருக்கிறது.

பேசியவர் மனதில் துளியும் மரியாதைக் குறைவு இல்லை. 'அனுப்புங்க', 'வேண்டாங்க' என்பதில் இருந்த 'ங்க' மட்டும் மொழிபெயர்ப்பில் தொலைந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாது. நீ, நீங்க இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். அதை ஈடுகட்டத்தான் பலர் வாக்கியத்துக்கு இரண்டு 'சார்' போடுகிறார்கள். எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அலுவலகத்தில் அதுவும் எடுபடுவதில்லை.

இந்த விஷயத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு ஓர் உலகப் பெருமை உண்டு என்றால் நம்புவீர்களா? பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதிய ஆய்வு 1978-ல் வெளியாகி, 1987-ல் தனி நூலாக வந்தது. மொழியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் அது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்ஸிகோவில் மாயன் மக்கள் பேசும் ஒரு மொழி, தமிழ். அந்தத் தமிழ், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட பேச்சு. அங்கே தங்கியிருந்த லெவின்சன், எந்தச் சாதிக்காரர் எந்தச் சாதிக்காரரை 'நீ' என்கிறார், யாரை 'நீங்க' என்கிறார் என்பதைக்கூட ஆராய்ந்தார்.

அந்த நூலின் மையக் கருத்து 'முகம்'. ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் காப்பாற்றிக்கொள்ள ஒரு முகம் இருக்கிறது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போதும், மறுக்கும்போதும், குறை சொல்லும்போதும் அந்த முகத்துக்கு ஆபத்து. அதைக் குறைக்கத்தான் மரியாதைச் சொற்கள் என்கிறார்கள் அவர்கள். 'முகம் கொடுத்துப் பேசலை', 'முகம் சுண்டிப்போச்சு', 'முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டார்' என்று பேசிப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழில் மரியாதை பெரும்பாலும் ஆளைப் பொறுத்தது. பெரியவருக்கு 'ங்க', தம்பிக்கு இல்லை. ஆங்கிலத்தில் அது கேட்கிற விஷயத்தின் கனத்தைப் பொறுத்துக் கூடுகிறது, குறைகிறது. அங்கே அப்பா மகனிடமே 'குட் யூ பாஸ் தி சால்ட்?' என்று கேட்பார். நம் வீட்டில் 'உப்பை எடுடா' போதும். சின்ன உதவிக்கு 'கேன் யூ', கொஞ்சம் பெரியதுக்கு 'குட் யூ', இன்னும் பெரியதுக்கு 'வுட் யூ மைண்ட்', ஒரு நாள் லீவு கேட்கும் அளவுக்கு 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்...' என்று நீளும். குட், வுட், வாஸ் எல்லாம் இறந்தகால வடிவங்கள் என்பதைக் கவனியுங்கள். நேராக முகத்துக்கு முன் நீட்டாமல் ஓர் அடி தள்ளி நின்று கேட்கும் பாவனை அது.

தமிழிலும் இந்தப் பாவனை இல்லாமல் இல்லை. 'நாளைக்கு நீங்க வந்தீங்கன்னா நல்லா இருக்கும்' என்று நாம் சுற்றிவளைப்பது இதற்குத்தான். 'கொஞ்சம் வழி விடுங்க' என்பதில் இருக்கும் 'கொஞ்சம்' அளவைச் சொல்லவில்லை, கேட்பதைத் தணிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஜஸ்ட்', 'எ பிட்' போன்றவை செய்கின்றன.

ஆக, 'வாட் டு யூ வான்ட்' இடத்தில் 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்?', 'டெல் மீ' இடத்தில் 'யெஸ், கோ அஹெட்', 'ஐ டோன்ட் வான்ட்' இடத்தில் 'ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்'. சரியாகக் காதில் விழவில்லையா? மொட்டையாக 'வாட்?' வேண்டாம். 'சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?' என்று கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். நமக்குள் பேசிக்கொள்ளும்போது 'டெல் மீ' தாராளமாகச் செல்லும். வெளியாளிடம் பேசும்போதுதான் கவனம் வேண்டும்.

'அது வந்து...'

பேச்சில் அடுத்த எதிரி, நேரம். பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் ஆரம்பிப்பதற்கும் இடையே சராசரியாக 200 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. அதில் பங்கெடுத்தவர்களில் நம் கோயம்புத்தூர் லெவின்சனும் ஒருவர். மனதுக்குள் தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, இலக்கணம் சரிபார்த்து வாயைத் திறப்பதற்குள், குரூப் டிஸ்கஷனில் பேச்சு மூன்று பேரைத் தாண்டிப் போயிருக்கும்.

தமிழில் பேசும்போது யோசிக்க நேரம் வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? 'அது வந்து...', 'அதாவதுங்க...' என்று இழுக்கிறோம். பேசும் முறை கையில் வந்துவிட்டது, யோசிக்க நேரமும் கிடைத்தது. ஆங்கிலத்தின் 'அது வந்து', 'வெல்...'. அடுத்து 'லெட் மீ திங்க்', 'தட்ஸ் எ குட் கொஸ்டின்'. குறுக்கே பேச வேண்டுமென்றால் 'கேன் ஐ ஆட் சம்திங்?'. இந்த நான்கும் யோசிக்காமல் வாயில் வந்தாலே குரூப் டிஸ்கஷனில் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

கேட்பதற்கும் வார்த்தைகள் உண்டு. கதை சொல்லும் பாட்டிக்கு 'உம்' கொட்ட ஆள் வேண்டும். இல்லையென்றால் 'கேக்கறியா, தூங்கிட்டியா?' என்பார். ஆங்கிலத்தில் 'உம்' கொட்டுவது 'ரைட்', 'ஐ ஸீ'. 'அப்படியா!' என்பதற்கு 'ரியலி?'. 'அச்சச்சோ' என்பதற்கு 'ஓ நோ'. ஆங்கிலப் பேச்சுக்கு பயப்படுபவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். தப்பாகிவிடும் என்ற கவலையே இல்லாத வார்த்தைகள் இவை.

முதலில் பார்த்த இன்டர்வியூ கேள்வியும் இந்த ரகம்தான். வழி கண்டுபிடித்த விவரம் யாருக்கும் முக்கியமில்லை. 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் கேட்பது மெனு தெரிந்துகொள்வதற்காகவா? தகவலுக்காக இல்லாமல் உறவுக்காகப் பேசும் இப்படிப்பட்ட பேச்சுக்கு மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-லேயே தனிப் பெயர் வைத்தார். பதில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. 'நாட் அட் ஆல், இட் வாஸ் ஈஸி' என்று ஒரு வரி, அதோடு சின்னதாக ஒரு தகவல், போதும். ஆனால், 'சாப்பிட்டாச்சா'வையும் 'எங்கே கிளம்பிட்டீங்க?'வையும் அப்படியே ஆங்கிலத்தில் கேட்காதீர்கள். முதலாவதை விருந்துக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்வார்கள், இரண்டாவதைத் துருவிக் கேட்பதாக. அங்கே வானிலை, வீக் எண்ட், டிராஃபிக் மூன்றும்தான் பத்திரமான பேச்சு.

பழகுவதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. '30 நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களும், சரளமாகப் பேசவைப்போம் என்ற கோச்சிங் போஸ்டர்களும் எங்கும் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால், தனி வார்த்தையாக மனப்பாடம் செய்வதைவிட முழு வாக்கியமாக வாயில் ஏற்றிக்கொள்வது பேச்சுக்கு உதவும். பிபிசி-யின் '6 மினிட் இங்கிலீஷ்' இலவசமாகக் கிடைக்கிறது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். கேட்டதைத் திரும்பச் சொல்லி மொபைலில் ரெக்கார்டு செய்தால், எங்கே தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். வீட்டில் அண்ணன் தங்கை இருவர் இருந்தால் இன்னும் வசதி. தினம் ஐந்து நிமிடம், ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் வாடிக்கையாளர். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒரே உதவி, சிரிக்காமல் இருப்பது.

பேச்சை முடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நேரமாகிவிட்டதென்று 'ஓகே பை' என்று சட்டென எழுந்தால் கோபித்துக்கொண்டு போவது போல இருக்கும். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வர்றேன்' என்பவர்கள் நாம். ஆங்கிலத்தில் அதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொன்னால் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். நேரில் 'ஐ ஷுட் கெட் கோயிங், நைஸ் டாக்கிங் டு யூ' என்று சொல்லிக் கிளம்பலாம். போனில் 'ஐ வில் லெட் யூ கோ' என்பார்கள். 'உங்களைப் போக விடுகிறேன்' என்று அர்த்தம். போக வேண்டியது பெரும்பாலும் சொல்பவருக்குத்தான். நம் 'சரிங்க, வெச்சிடட்டுமா?' மாதிரிதான் அதுவும்.