தோல்விக் கணக்கில் தெரியும் வளர்ச்சி

மாலை வேளையில், தாம்பரம் பக்கத்துச் சிமெண்டுத் தரை ஆடுகளம் ஒன்றில், பந்து கூடைக்குள் விழுந்தால் கோடும் தவறினால் சுழியுமாக நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்த பையனிடம், ஜெயித்தது யார் என்று வினவினேன். "நாங்க தோத்துட்டோம் சார்; ஆனா போன தடவை இருபது பாயிண்ட், இந்தத் தடவை ஆறுதான்" என்றான்.

அந்த விடையில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி தண்டர் கூடைப்பந்து அணி, பழைய நட்சத்திரங்களை விடுத்து இளைஞர்களைக் கொண்டு தன்னைப் புனர்நிர்மாணம் செய்துகொண்டிருந்த காலத்தில், 2021 டிசம்பரில் மெம்பிஸ் அணியிடம் 79-152 என்று தோற்று, 73 புள்ளி வித்தியாசத்தால் அபகீர்த்திச் சரித்திரம் படைத்தது; அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 24 மட்டுமே வெற்றி. அடுத்த பருவத்தில் 40 வெற்றி, 42 தோல்வி என்று பட்டியல் முகம் சுளித்தபோதும், அணி எடுத்த மொத்தப் புள்ளிகள் கொடுத்த புள்ளிகளைச் சற்றே கடந்து நின்றமையால், விஷயமறிந்தோர் அதன் அபிவிருத்தியை முன்னமே ஊகித்தனர். ஆட்டத்தின் வேகம் அணிக்கு அணி வேறுபடுமாதலால், நூறு பந்து வாய்ப்புகளுக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பது இன்னும் நியாயம். முதல் பத்து ஆட்டங்களைக் கண்டே தீர்ப்புச் சொல்வதோ, என் அபிப்பிராயத்தில், ஒரு தூறலைக் கண்டு சேலையூர் ஏரி நிரம்பிவிட்டது என்பதைப் போன்றது. தண்டருக்கு 2024-25 பருவத்தில் 68 வெற்றிகளோடு பட்டமும் வந்தது.