தையல் போடணுமா? பதறாதீங்க!

ஓடி விளையாடிக்கொண்டிருந்த 3 வயசுப் பிள்ளை வாசப்படி தடுக்கி விழுகிறான். கட்டில் முனையில் நெற்றி ‘டங்’கென்று மோதுகிறது. தூக்கிப் பார்த்தால்... முகம் பூராவும் ரத்தம்!

அடுத்த 5 நிமிடம் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்தர் காப்பித்தூள் டப்பாவைத் தேடுவார். ஒருத்தர் மஞ்சள்பொடியோடு ஓடி வருவார். ‘பிள்ளையைப் பார்க்காம என்ன பண்ணிக்கிட்டிருந்தே?’ என்று ஒரு குரல் கேட்கும். காயத்தை அமுக்கிப் பிடிக்க மட்டும் ஆள் இருக்காது!

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர்.) சுற்றுவட்டாரம் முழுக்கத் தீப்பெட்டி வேலை, பட்டாசு வேலை. காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை குழந்தை பாட்டியின் பொறுப்பில் அல்லது அக்காவின் இடுப்பில். ஆகவே, இந்தப் பக்கத்தை நீங்கள் படித்தால் மட்டும் போதாது. பாட்டிக்கும் அந்த அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். விழும்போது பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

முதலில் அமுக்குங்கள்!

சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். ‘நின்னுடுச்சா?’ என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்ந்துகொள்ளும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். கண்ணாடித்துண்டு, ஆணி ஏதாவது ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

தலையிலும் முகத்திலும் ரத்தக் குழாய்கள் அதிகம். சின்னக் காயம்கூட வாளி வாளியாகக் கொட்டுவது போல பயம் காட்டும். கழுவிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும்!

ரத்தம் நின்றதும் குடிக்கிற தண்ணீரைக் காயத்தின் மேல் நிறைய ஊற்றிக் கழுவுங்கள். அவ்வளவே போதும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். நீங்கள் அப்பிய காப்பித்தூளைத் தையல் போடுமுன் டாக்டர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வலியையும் குழந்தைதானே தாங்க வேண்டும்?

காயத்தின் இரண்டு உதடும் விரிந்து நின்றால், உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால், மூட்டின் மேல் வெட்டுப்பட்டிருந்தால், விடாமல் அமுக்கியும் ரத்தம் நிற்காவிட்டால் தையல் தேவைப்படலாம். வாயின் உதட்டு ஓரத்தில் காயம் என்றால் சின்னதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். கோடு ஒரு நூலிழை விலகிச் சேர்ந்தாலும் பெரியவனான பிறகும் தெரியும். ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று படுக்கப் போகாதீர்கள். சில மணி நேரத்துக்குள் போவது நல்லது.

தலையில் அடிபட்ட குழந்தை மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிந்தாலோ தையலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொய் சொல்லாதீங்க!

‘ஊசியே கிடையாது கண்ணு, டாக்டர் மாமா சும்மா பார்ப்பாரு!’ நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் பொய் இது. மரத்துப் போகிற ஊசி குத்திய நொடியிலேயே குட்டு உடைந்துவிடும். அதன் பிறகு டாக்டரையும் நம்பாது, உங்களையும் நம்பாது. ‘முதல்ல எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும். அப்புறம் மரத்துப் போயிடும். இழுக்கிற மாதிரி மட்டும் தெரியும். அம்மா பக்கத்துலயே இருக்கேன்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூன்று வயசுக்கு இது புரியும்.

நாலு பேர் சேர்ந்து கை காலை அமுக்குவதைவிட, டாக்டர் அனுமதித்தால் மடியில் வைத்துக் கட்டிக்கொள்வது மேல். கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றுமா? சித்தியையோ மாமாவையோ உட்காரச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுவில் நீங்கள் மயங்கி விழுந்தால்தான் சங்கடம்!

தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரண ஜன்னிக்கான தடுப்பு 6, 10, 14-வது வாரங்களிலும், ஒன்றரை வயசு வாக்கிலும், 5 வயசுக்கு மேலும் போடப்படுகிறது. எல்லாம் சரியாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு காயத்துக்கும் புதிதாக ஊசி தேவைப்படாது. அட்டையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

‘என்னய்யா, தையலே போடாம அனுப்பிட்டாங்க!’ என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. நாய் கடித்த காயத்தை முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு வெறிநாய்க்கடிக்கான ஊசிகள். அந்தக் காயத்தை அவசரப்பட்டுத் தைத்து மூட மாட்டார்கள். பட்டாசு வெடித்துக் கை கிழிந்தாலும் இதே கதைதான். இந்த வட்டாரத்தில் பட்டாசுக் கலவைக்கு ‘மருந்து’ என்றுதான் பெயர். அந்த மருந்துத் தூளும் காகிதத் துணுக்கும் சதைக்குள் புகுந்திருக்கும். வெந்த சதை எது, நல்ல சதை எது என்று உடனே பிரித்துச் சொல்லவும் முடியாது. சுத்தம் செய்து, திறந்து வைத்து, சில நாள் கழித்து மூடுவதும் வைத்தியம்தான்.

தையல் போட்ட இடத்தை முதல் ஒன்றிரண்டு நாள் நனைக்காதீர்கள். முகத்தில் சுமார் 5 நாள், தலையில் 7 முதல் 10 நாள், கை காலில் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். தானாகக் கரையும் நூல் என்றால் பிரிக்கவே வேண்டாம், கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். ‘பருப்பு கொடுத்தா சீழ் வைக்கும், முட்டை ஆகாது’ என்று பாட்டி தடுப்பார். சதை கூடிவர அதே பருப்பும் முட்டையும்தான் வேண்டும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த அக்கா. தம்பி விழுந்ததற்கு அவளுக்கு ரெண்டு அடி விழும், இல்லையா? இன்றைக்கு அடி வாங்கியவள், அடுத்த முறை தம்பிக்குக் காயம் பட்டால் சொல்லாமல் பாவாடையால் துடைத்து மறைத்துவிடுவாள். சீழ் பிடித்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். அவளும் 10 வயசுக் குழந்தைதானே! கட்டு மாற்றும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ள அவளைக் கூட்டிப் போங்கள். துவைத்து வெயிலில் காயவைத்த நாலு பருத்தித் துணி, தடுப்பூசி அட்டை, ஆட்டோவுக்குப் பணம், நீங்கள் வேலை செய்யும் இடத்தின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டி வையுங்கள்.